ஒன்றரை மைல் நீளக் கோடு

அக்கா மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். அரையாண்டுத் தேர்வு நெருங்கிய ஒரு ராத்திரி, ஆங்கிலப் பாடநூலைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வந்தான். பேய் வந்த இரவைப் பற்றிய பாடம். நள்ளிரவில் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச் சுற்றி யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறது. அம்மா பக்கத்து வீட்டு ஜன்னலை நோக்கிச் செருப்பை வீசி ஆளை எழுப்புகிறாள். போலீஸ் வந்து வீட்டைத் தலைகீழாகப் புரட்டுகிறது. பரணில் படுத்திருக்கும் தாத்தா, வந்தவர்களைப் படையை விட்டு ஓடிவந்த சிப்பாய்கள் என்று எண்ணி, ஒரு போலீஸ்காரரின் தோளில் சுட்டுவிடுகிறார். தமிழ்நாட்டில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் கதை இது.

"மாமா, இந்த வீடு நிசமாவே இருக்கா? இல்ல அவரா கட்டி எழுதினதா?" என்றான்.

இருக்கிறது என்றேன். அமெரிக்காவின் நடுமேற்கில், ஒஹாயோ மாநிலத் தலைநகரான கொலம்பஸில், ஜெஃபர்சன் அவென்யூவில் 77-ம் எண் வீடு. 1873-ல் கட்டியது. ஜேம்ஸ் தர்பரின் குடும்பம் 1913 முதல் 1917 வரை அங்கே வாடகைக்கு இருந்தது. கதைக்குப் படமும் தர்பரே போட்டிருக்கிறார் என்று சேர்த்துச் சொன்னேன். பையன் நிமிர்ந்து பார்த்தான். "அவர் படமும் போடுவாரா?"

அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. தர்பரை எழுத்தாளராகத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அவருடைய பென்சில் கோடு எங்கே கிளம்பி எங்கெங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் சொல்லக்கூடியவர்கள் குறைவு. ஒரு மனிதனின் வாழ்க்கையைப் போலவே அந்தக் கோட்டுக்கும் பிறப்பு, அலைச்சல், புகழ், முடிவு எல்லாம் இருக்கின்றன. சொல்லத்தக்க கதை அது.

தர்பர் 1894 டிசம்பர் 8-ம் தேதி கொலம்பஸில் பிறந்தார். அன்றைய கொலம்பஸ் பெருநகரமும் இல்லை, சிற்றூரும் இல்லை. 1910 கணக்கெடுப்பின்படி சுமார் 1,80,000 பேர். எல்லாருக்கும் எல்லாரையும் கொஞ்சம் தெரிந்த ஊர். அம்மா மேரி ஆக்னஸ், ஊரார் வாயில் மேம். ஆள் வேடம் போட்டு உறவுக்காரர்களை ஏமாற்றுவதில் கைதேர்ந்தவர். மேடை ஏறியிருந்தால் பெரிய நடிகையாகியிருப்பார் என்று மகன் கடைசிவரை நம்பினார். அப்பா சார்லஸ் சாதுவானவர், அரசியல் அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்தவர். அண்ணன் வில்லியம், தம்பி ராபர்ட்.

1901 கோடையில் குடும்பம் வர்ஜீனியாவில் தங்கியிருந்தபோது, தலையில் ஆப்பிளை வைத்து அம்பெய்யும் வில்லியம் டெல் விளையாட்டை அண்ணனும் ஜேம்ஸும் விளையாடினார்கள். அம்பு ஆறு வயது ஜேம்ஸின் இடது கண்ணில் பாய்ந்தது. கெட்டுப்போன அந்தக் கண்ணை உடனே எடுத்திருக்க வேண்டும், தாமதமாகத்தான் எடுத்தார்கள். அந்தத் தாமதத்தின் விளைவு வலது கண்ணில் மெல்ல மெல்ல இறங்கி, நாற்பது வருடம் கழித்து அதையும் மூடியது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்கு ஆழம் சரியாகப் பிடிபடாது என்பார்கள். தர்பரின் படங்களில் நிழல் இல்லை, தொலைவு இல்லை, எல்லாமே ஒரே தளத்தில் தட்டையாக நிற்கின்றன. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார், பட்டம் வாங்காமலே வெளியேறினார். 1920 முதல் 1924 வரை 'கொலம்பஸ் டிஸ்பாட்ச்' நாளிதழில் நிருபர். அந்த இதழில் அப்போது பில்லி அயர்லண்ட் என்ற பெரிய கார்ட்டூனிஸ்ட் இருந்தார். ஞாயிறுதோறும் ஒரு முழுப் பக்கத்தை ஊர்ச் செய்தி, ஊர் மனிதர், மரம், பறவை என்று வண்ணத்தில் நிறைத்துவிடுவார். கொலம்பஸ் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டது அந்தப் பக்கத்தில்தான். ஊருக்கு அப்படி ஓர் ஓவியர் இருக்கும்போது, நிருபர் தர்பர் காகிதத்தில் கிறுக்குவதை யாரும் படமாக மதித்திருக்க வழியில்லை. அவரும் அதைப் படம் என்று நினைக்கவில்லை. கை சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

1927-ல் நியூயார்க்கில் 'நியூயார்க்கர்' இதழில் சேர்ந்தார். நிறுவிய ஆசிரியர் ஹெரால்டு ராஸ். ஈ. பி. வைட் என்ற இளம் எழுத்தாளரும் தர்பரும் ஒரு சின்ன அறையில் அடைந்துகொண்டு வேலை செய்தார்கள். எழுத்து ஓடாத நேரங்களில் தர்பர் கையில் இருக்கும் மஞ்சள் காகிதத்தில் பென்சிலால் வரைவார். ஒரு படத்துக்குச் சில நிமிடம் போதும். வரைந்ததும் கசக்கி எறிவார், அல்லது அப்படியே தரையில் விட்டுவிடுவார்.

வைட் அவற்றைக் குனிந்து பொறுக்கினார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் வைட்தான். அவரும் பெரிய எழுத்தாளர், தனக்கென்று வேலை உள்ளவர். பக்கத்து மேசைக்காரர் எறிந்த காகிதத்தை எடுத்து நீவி, இது பத்திரிகையில் வரவேண்டிய பொருள் என்று முடிவு செய்ய ஒரு பெருந்தன்மை வேண்டும். 1929 வசந்தத்தில் அவர் எடுத்தது ஒரு கடல்நாயின் படம். பாறைமேல் உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் இரண்டு புள்ளிகள். யாரோ ஆய்வுப் பயணிகள் வருகிறார்கள் போல என்று அது தனக்குள் சொல்லிக்கொள்கிறது. வைட் பென்சில் கோட்டின்மேல் மையால் வரைந்து, இதழின் படத் தேர்வுக் கூட்டத்துக்கு அனுப்பினார்.

திரும்பி வந்தது. கலை ஆலோசகர் ரே இர்வின் அதே தாளில் ஒழுங்கான கடல்நாய்த் தலை ஒன்றை வரைந்து, கடல்நாயின் மீசை இப்படித்தான் போகும் என்று குறிப்பும் எழுதியிருந்தார். வைட் விடவில்லை. தர்பர் கடல்நாயின் மீசை இப்படித்தான் போகும் என்று எழுதி மறுபடி அனுப்பினார். மறுபடியும் நிராகரித்தார்கள். அந்தத் தாள் பிறகு குப்பைக்குப் போனது.

அதே ஆண்டு இருவரும் சேர்ந்து எழுதிய 'இஸ் செக்ஸ் நெசசரி?' புத்தகத்துக்குத் தர்பரின் படங்கள்தான் வேண்டும் என்று வைட் பிடிவாதமாக நின்றார். ஹார்ப்பர் பதிப்பகத்தில் படங்களைத் தரையில் பரப்பி வைத்தார். வந்து பார்த்தவர்கள், யாரோ நல்ல ஓவியர் வரையப்போகும் படங்களுக்கு இது மாதிரி என்று நினைத்துக்கொண்டார்கள். இல்லை, இவைதான் படங்கள் என்றார் வைட். புத்தகம் 1929 நவம்பரில் வந்தது, நன்றாக விற்றது. ராஸ், நிராகரித்த அந்தக் கடல்நாய்ப் படம் எங்கே என்று தர்பரிடம் கேட்க ஆரம்பித்தார்.

அது இல்லை. 1931 டிசம்பரில் தர்பர் அதைத் திரும்ப வரைய உட்கார்ந்தார். பாறை சரியாக வரவில்லை. கட்டிலின் தலைப்பலகை மாதிரி வந்து நின்றது. சரி, கட்டிலாகவே இருக்கட்டும் என்று அதன் கீழே ஒரு கணவனையும் மனைவியையும் படுக்க வைத்தார். அந்தப் படத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பாருங்கள். இருவரும் போர்வைக்குள் கிடக்கிறார்கள். தலைப்பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு கடல்நாய் எழுந்து, இருவரையும் கவனிக்காமல் எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறது. அது அங்கே இருப்பது இருவருக்கும் தெரியாது. கடல்நாய் குரைத்ததைக் கேட்டேன் என்று கணவன் சொல்லியிருக்கிறான். மனைவி சலிப்போடு, சரி, அப்படியே இருக்கட்டும் என்கிறாள். கட்டில், போர்வை, இரண்டு தலைகள், ஒரு மீசைக்கார விலங்கு எல்லாம் சேர்ந்து சில கோடுகள்தான். ஒரு திருமண வாழ்க்கை முழுவதும் அதில் அடங்கிக் கிடக்கிறது.

1932 ஜனவரி 30 இதழில் படம் வந்தது. நகைச்சுவை எழுத்தாளர் ராபர்ட் பெஞ்ச்லி பாராட்டித் தந்தி அடித்தார். மகிழ்ந்துபோன தர்பர் மூலப் படத்தை அவருக்கே கொடுத்துவிட்டார். குப்பைக்குப் போன கடல்நாய் இப்படி இரண்டாம் பிறவி எடுத்தது.

அதே ஆண்டு வந்த படத் தொகுப்புக்கு முன்னுரை எழுதிய டோரதி பார்க்கர், தர்பரின் மனிதர்களை அடுப்பில் வைக்காத பிஸ்கட் மாவுக்கு ஒப்பிட்டார். சரியான உவமை. எலும்பே இல்லாதவர்கள் மாதிரி இருப்பார்கள், ஆனால் நிற்கிற நிலையிலேயே மனசு தெரிந்துவிடும். ஒரு சமயம் தர்பர் தன் படத்துக்கு நிழல் போட்டு, குறுக்குக் கோடுகள் இழுத்து, முறையான ஓவியர்களைப் போல அழகுபடுத்தப் பார்த்தார். வைட் தடுத்தார். நீ நன்றாக வரைய ஆரம்பித்தால் சாதாரண ஓவியன் ஆகிவிடுவாய் என்ற பொருளில் எச்சரித்தார். அன்று அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிருந்தால் அடுத்து வரப்போகும் கொலம்பஸ் நமக்குக் கிடைத்திருக்காது.

1933-ல்தான் அந்தக் கோடு ஊருக்குத் திரும்பியது. நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு, முப்பத்தெட்டு வயதில், தர்பர் தன் இளமைக் கொலம்பஸை எழுதினார். கூடவே வரைந்தார். முதலில் இதழில் தொடராகவும், அந்த ஆண்டே 'மை லைஃப் அண்ட் ஹார்டு டைம்ஸ்' என்ற புத்தகமாகவும் வந்தது. மெலிந்த புத்தகம். ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம்.

ஒரு நகரத்தை நினைத்து வரைகிற ஓவியர் வழக்கமாக எதை வரைவார்? மணிக்கூண்டு, பழைய தெரு, டிராம், பாலம். தர்பரின் கொலம்பஸில் கட்டடங்களுக்கு வேலை மிகக் குறைவு. அவர் வரைந்த நகரம் படுக்கையறையிலும் மாடிப்படியிலும் பரணிலும் இருக்கிறது. திருடன் வருவான் என்ற பயத்தில், நாற்பது வருடமாக ஒவ்வொரு ராத்திரியும் வீட்டிலுள்ள செருப்புகளை எல்லாம் கட்டிலோரம் குவித்து வைத்துக்கொள்ளும் உறவுக்காரக் கிழவி ஒருத்தி. ஒரு திசையில் ஒன்று, எதிர்த்திசையில் அதன் ஜோடி என்று வீசுவாள். அவளைத் தர்பர் ஒற்றைக் கோட்டில் நிறுத்துகிறார், சுற்றிலும் செருப்புகள். பல்பு மாட்டாத ஹோல்டரிலிருந்து மின்சாரம் வீடு முழுக்கச் சொட்டிக்கொண்டே இருக்கிறது என்று நம்பும் பாட்டி. அப்பா பரணில் போய்ப் படுத்த அந்த ஆட்டம் கண்ட கட்டிலும் அதன் கனமான தலைப்பலகையும்.

இங்கே ஒரு சின்ன விஷயம் என்னைப் பிடித்துக்கொள்கிறது. கடல்நாய்க்குப் பாறை வரையப்போய்க் கை தானாகத் தலைப்பலகையை வரைந்தது 1931-ல். சரிந்து விழுமோ என்று அம்மா பயந்த தலைப்பலகையைப் பற்றி அவர் எழுதியது 1933-ல். ஆதாரம் எதுவும் கிடையாது, என் ஊகம்தான். அந்தக் கைக்குள் கொலம்பஸ் கட்டில் ஒன்று முன்னமே படுத்திருந்தது என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருக்கிறது.

அணை உடைந்த நாளின் கதை இந்தப் புத்தகத்தின் உச்சம். 1913 மார்ச் மாதம் சயோட்டோ ஆறு கரை மீறி கொலம்பஸின் மேற்குப் பகுதியை மூழ்கடித்தது. 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது உண்மையான துயரம். தர்பர் எழுதியது கிழக்குப் பகுதியை. அங்கே தண்ணீர் எட்டவே எட்டாது, அவ்வளவு மேடு. ஆனால் அணை உடைந்துவிட்டது என்று யாரோ கத்த, ஊரே கிழக்கு நோக்கி ஓடியது. வழக்கறிஞர், வியாபாரி, பட்டாளத்துக்காரர், பாட்டி, பிள்ளை எல்லாரும் ஓடுகிறார்கள். வர மறுத்த தாத்தாவை இஸ்திரிப் பலகையால் தட்டி மயக்கித் தூக்கிக்கொண்டு ஓடுகிறது குடும்பம். மைல் கணக்கில் ஓடிய பிறகு, அணை உடையவில்லை என்று தெரிய வருகிறது. திரும்பி நடந்து வந்தவர்கள் மறுநாள் அதைப் பற்றி ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவே இல்லை. கூட்டத்தின் அச்சத்தை இத்தனை அன்போடு எழுதியவர்கள் குறைவு. தர்பரின் ஓட்டக்காரர்களைப் பார்க்கும்போது, அந்தக் கூட்டத்தில் நான் நின்றிருந்தாலும் ஓடியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது. கையில் எடுத்தது என்ன, விட்டது என்ன என்றுகூட யோசித்திருக்க மாட்டேன்.

பேய்க் கதைக்கு வருவோம். கதையில் பேய் வந்த தேதி 1915 நவம்பர் 17. ஜெஃபர்சன் அவென்யூ வீடும் அதன் அக்கம்பக்கமும் நிற்கும் இடத்தில் முன்பு மாநில மனநல மருத்துவமனை இருந்தது. 1868 நவம்பரில் ஒரு ராத்திரி அது தீப்பிடித்தது. பெண் நோயாளிகள் சிலர் உள்ளேயே இறந்துபோனார்கள். காலடிச் சத்தம் கேட்டது உண்மை என்று தர்பர் பிற்காலத்திலும் சொன்னார். கதையில் வீட்டு முகவரியை மாற்றி எழுதியதற்கும் காரணம் சொன்னார்: அப்போது அங்கே குடியிருந்தவர்கள் பயந்துவிடக்கூடாது. நகைச்சுவைக் கதைக்குக்கூட இப்படி ஓர் அக்கறை.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊரிலுள்ள ஒருவரையும் விடாமல் கடித்த மக்ஸ் என்ற ஏர்டேல் நாய் இந்தப் புத்தகத்தில் வருகிறது. படங்களில் தர்பர் அதிகம் வரைந்தது வேறொரு நாய். தொங்கு காது, சோகக் கண், குட்டைக் கால். ஒரு பக்கம் சோபாவும் இரண்டு பேரும் இருந்தால், மறுபக்கம் விளக்கின் கீழே காலியாகக் கிடக்கும் இடத்தை நிரப்ப அந்த நாயைப் போட்டேன் என்று அவரே ஒரு நேர்காணலில் சொன்னார். இடம் நிரப்ப வந்த நாய்தான் கடைசியில் அவருடைய அடையாளமாகிப் போனது.

முப்பதுகளில் கோடு காகிதத்தை விட்டுச் சுவருக்கு ஏறியது. 'நியூயார்க்கர்' அலுவலகச் சுவர்களில் பென்சிலால் வரைந்தார். தேர்ட் அவென்யூவில் காஸ்டெல்லோ என்பவர் நடத்திய மதுக்கடைச் சுவரிலும் வரைந்தார். விவரம் தெரியாத ஒரு பெயிண்டர் அதன்மேல் சுண்ணாம்பு பூசிவிட, தர்பர் திரும்ப வந்து புதிதாக வரைந்து கொடுத்தார். 1936-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் மீயதார்த்தவாத ஓவியங்களுக்கு நடத்திய பெரிய கண்காட்சியில் இந்தக் கோடும் இருந்தது. மறு ஆண்டு லண்டனில் தனிக் கண்காட்சி. மீசை தப்பாகப் போகிறது என்று திருப்பி அனுப்பிய கோட்டுக்கு ஏழெட்டு ஆண்டில் வந்த வாழ்வு இது.

பிறகு இருட்டத் தொடங்கியது. 1940-41-ல் வலது கண்ணுக்கு 5 அறுவைச் சிகிச்சை நடந்தது. பயனில்லை. போர்க்காலத் தொழிற்சாலைகளில் நுண்வேலை பார்க்கிறவர்கள் தலையில் மாட்டிக்கொள்ளும் ஸைஸ் நிறுவனத்து உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு, மிகப் பெரிய தாளில் குனிந்து, கறுப்பு மெழுகுக்கட்டியால் தடித்த கோடு போட்டார். தாள் பெரிதாகிக்கொண்டே போனது. கோடு தடித்துக்கொண்டே போனது. கடைசிக் கட்டத்தில் கறுப்புத் தாளில் சாக்குக்கட்டியால் வரைந்தார். இருட்டின் மேல் வெளிச்சத்தைக் கீறுவதுதான் அவருக்குக் கொஞ்சமாவது தெரிந்தது. 1951 ஜூலை 9 'டைம்' இதழின் அட்டைக்குத் தன்னைத் தானே வரைந்து கொடுத்தார். அதோடு கோடு நின்றது.

அந்த நிலையில் மனிதர் என்ன செய்வார்? தர்பர் நினைவில் ஊருக்குத் திரும்பினார். 1952-ல் 'தி தர்பர் ஆல்பம்' வந்தது. பெயரிலேயே ஆல்பம். கொலம்பஸில் தனக்குத் தெரிந்த மனிதர்களைப் பற்றிய நினைவுச் சித்திரங்கள். தாத்தா, அப்பா, அம்மா, பேராசிரியர்கள், பத்திரிகை ஆசிரியர். தான் பிறந்தபோது பிரசவம் பார்த்த மார்ஜெரி ஆல்பிரைட் என்ற மருத்துவச்சி. இந்தக் கிழவியைப் பற்றிய அத்தியாயத்துக்கு, உலோகத் தகட்டில் எடுக்கும் அந்தக்காலத்துப் புகைப்படத்தின் பெயரையே தலைப்பாக வைத்தார். புத்தகத்தில் அவர் வரைந்த படம் இல்லை. குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. கோடு கைவிட்ட இடத்தைப் பழைய புகைப்படங்கள் நிரப்பின. அவற்றையும் அவரால் பார்க்க முடியவில்லை. அண்ணன் தம்பியருக்கும் ஊராருக்கும் கடிதம் எழுதிக் கேட்டுக் கேட்டுத் தகவல் சேர்த்தார். எழுதியதை மனசிலேயே திருத்தி, வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்தார்.

1933 புத்தகத்தைக் கொண்டாடுகிறவர்கள் 1952 புத்தகத்தை அடங்கிப்போன எழுத்து என்று ஒதுக்குவதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆளை ஆள் கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்த மெக்கார்த்தி காலத்து அமெரிக்காவில் இருந்துகொண்டு, நிமிர்ந்து வாழ்ந்த சில சாதாரண மனிதர்களைப் பார்வையற்ற ஒருவர் கைநீட்டித் தொட்டுப் பார்த்த புத்தகம் அது. அவரும் அப்படி நிமிர்ந்தார். வளாகத்தில் யார் பேசலாம், யார் பேசக்கூடாது என்று ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் கட்டுப்பாடு போட்டிருந்த சமயத்தில், அது தர முன்வந்த கௌரவப் பட்டத்தை 1951-ல் வேண்டாம் என்று எழுதிவிட்டார். அவர் நேசித்த பல்கலைக்கழகம் அது. நேசித்ததால்தான் மறுத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தன் கனவில் மணியடிக்கும் கடிகாரங்கள் பல சமயம் கொலம்பஸின் கடிகாரங்களே என்று சொன்னவரும் அவர்தான்.

1960 ஜனவரியில் அவருடைய எழுத்துகளிலிருந்து உருவான 'எ தர்பர் கார்னிவல்' நாடகம் முதன்முதலாகக் கொலம்பஸில்தான் மேடையேறியது. நியூயார்க்கில் அதே நாடகத்தில் 88 முறை தர்பர் தர்பராகவே நடித்தார். அம்மாவின் மேடைக் கனவைப் பார்வையில்லாத மகன் அறுபத்தைந்து வயதில் முடித்து வைத்தார். 1961 நவம்பர் 2-ம் தேதி நியூயார்க்கில் இறந்தார். அஸ்தி கொலம்பஸின் கிரீன் லான் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.

ஜெஃபர்சன் அவென்யூ வீடு பல கை மாறியது. இசைப் பள்ளியாக இருந்தது, அறை வாடகைக்கு விடும் வீடாக இருந்தது, பாழடைந்தது. 1979-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்த்தார்கள். பழுது பார்த்து 1984-ல் தர்பர் ஹவுஸ் என்ற இலக்கிய மையமாகத் திறந்தார்கள். மேல்மாடியில் எழுத்தாளர்கள் வந்து தங்கி எழுதலாம். வருகிற எழுத்தாளர்கள் தர்பர் படுத்திருந்த அறையிலுள்ள துணி அலமாரியின் உட்சுவரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார்கள். புல்வெளியில் அந்தக் குட்டைக்கால் நாய்கள் சிலைகளாக நிற்கின்றன.

1991-ல் 'நியூயார்க்கர்' அலுவலகம் பழைய கட்டடத்தைக் காலி செய்தபோது, தர்பர் வரைந்த சுவர்ப்பகுதியை அப்படியே அறுத்து எடுத்துப் புது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். எறிந்த காகிதத்தை எடுக்க ஒரு காலத்தில் வைட் ஒருவர் இருந்தார். இப்போது சுவரையே பெயர்த்து எடுக்க ஆள் இருந்தது. 1994-ல் அமெரிக்க அஞ்சல் துறை தர்பர் தன்னை வரைந்த கோட்டோவியத்தை 29 சென்ட் தபால்தலையாக வெளியிட்டது.

2019-ல், அவருடைய 125-வது பிறந்த ஆண்டை ஒட்டி, கொலம்பஸ் கலை அருங்காட்சியகம் அவருடைய படங்களுக்கு ஒரு பெரிய கண்காட்சி வைத்தது. அதன் பெயருக்குத் தமிழில் 'ஒன்றரை மைல் நீளக் கோடுகள்' என்று பொருள். கோடு பிறந்த ஊருக்கு முறையாக வந்து சேர்ந்தது. அதே 2019-ல்தான் தமிழ்நாட்டின் புதிய பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் பேய் வந்த இரவின் கதை இடம்பெற்றது. இரண்டையும் யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை.

அக்கா மகனுக்கு அன்று ராத்திரி கணினித் திரையில் கடல்நாயைக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தான். பிறகு தன் ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். பூராவும் கிறுக்கல், வகுப்பில் வரைந்த வாத்தியார்கள், ஒரு பல்லி, தூங்கி வழியும் நண்பன். "மிஸ் பாத்தா திட்டுவாங்க மாமா," என்றான். பத்திரமாக வைத்துக்கொள் என்றேன்.

இதைப் படிக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். அந்தப் பாடத்தை நடத்தி முடித்ததும், தேர்வு முடிந்த ஏதாவது ஒரு நாள், தர்பரின் மெலிந்த கொலம்பஸ் புத்தகத்தை முழுசாகப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். வாங்கும்போது அவர் போட்ட படங்களோடு இருக்கும் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழித்துப் போடுவதற்கு முன் ஒரு முறை திருப்பிப் பாருங்கள்.